மனப்பதற்றம்: நம் கிதாபுகள் காட்டும் நோயும் மருந்தும்

சுமார் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் அரபுக் கல்லூரியில் மூன்றாம் ஜும்ரா ஓதிக்கொண்டிருந்த ஒரு மாணவரைப் பற்றிய நினைவுடன் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியுள்ளது. கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். பாடத்தில் கூர்மையானவர். சுபுஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன்பே ஹவுளின் படிக்கட்டில் அமர்ந்துவிடுவார். ஜமாஅத் முடிந்து பிறர் எழுந்து வரும்போதும் அங்கேயே அமர்ந்திருப்பார். முழங்கை நனைந்ததா, குதிகால் விடுபட்டதா என்ற ஐயம் தீராமல் மீண்டும் மீண்டும் உளூச் செய்வார். விரலிடுக்குகளில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டிருந்தது.

அவர் என்னிடம் வந்து, "ஹழ்ரத், என் உளூ கூடுமா?" என்று கேட்பார். "கூடும் தம்பி, போய்த் தொழும்" என்பேன். முகம் தெளியும், போய்விடுவார். சற்று நேரத்தில் திரும்பி வந்து அதே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்பார். நானும் சலிக்காமல் பதில் சொல்வேன். நாளடைவில் அது ஒரு நாளைக்குப் பத்து முறை, பன்னிரண்டு முறை என்றாயிற்று. இறுதியில் என் பொறுமையும் தீர்ந்தது. "உமக்கு யகீன் போதவில்லை; இன்னும் அதிகமாக ஓதும்" என்று கடிந்துகொண்டேன். அன்று நான் செய்த இரண்டும், சலிக்காமல் பதில் சொன்னதும், யகீன் இல்லை என்று கடிந்ததும், அவருடைய நோயை வளர்த்தன என்பதைப் பின்னரே அறிந்தேன். அதை அறிவதற்கு வேண்டிய நூல் இருபது ஆண்டுகளாக என் அறையின் அலமாரியில் இருந்தது என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

மனப்பதற்றம் நம் காலத்தில் பரவலாகப் பேசப்படும் ஒரு துன்பம். 2019ஆம் ஆண்டில் உலகில் சுமார் 30 கோடிப் பேர் பதற்றம் சார்ந்த நோய்களால் அவதியுற்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஆயினும் நம் வீடுகளிலும் மஹல்லாக்களிலும் அதனைப் பற்றிய பேச்சு இரண்டு திசைகளிலேயே ஓடுகிறது. ஒன்று, "ஈமான் பலவீனம்" என்பது. மற்றொன்று, "ஏதோ காற்றுக் கருப்பு" என்பது. நம் முன்னோரான அறிஞர்களோ இவ்விரண்டிலும் நின்றுவிடாமல், இது எவ்வாறு எழுகிறது, எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு தணிகிறது என்று நுணுகி ஆராய்ந்துள்ளனர். அவ்வாராய்ச்சியின் சில பகுதிகளை எடுத்துக்காட்டுவதே இங்கு நோக்கம்.

சொற்களும் பொருளும்

அரபு மொழி மனத்துயரை ஒரே சொல்லால் குறிப்பதில்லை. 'ஹம்மு' என்பது வரவிருப்பதை எண்ணி எழும் கவலை. 'ஹுஸ்னு' என்பது கடந்துபோனதைப் பற்றிய துயரம். நபி (ஸல்) அவர்கள் இவ்விரண்டிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடிவந்ததாக வரும் துஆவை விளக்கும் அறிஞர்கள் பலரும் இவ்வேறுபாட்டைச் சுட்டுவர். 'கவ்ஃபு' அச்சம்; 'ஃபஸஉ' திடீரெனப் பற்றிக்கொள்ளும் பீதி. 'வஸ்வாஸ்' என்பதோ உள்ளத்தில் ஓயாமல் முணுமுணுக்கும் ஐயம். இன்று உளவியலார் பொதுவான பதற்ற நோய், திடீர்ப் பீதி நோய், எண்ணச் சுழற்சி நோய் என்று பிரித்துரைப்பவற்றுக்கு இச்சொற்கள் அப்படியே ஈடாகா. ஆயினும் இவை ஒன்றல்ல, வெவ்வேறு என்ற தெளிவு நம் மரபில் இருந்தது. நோய்க்குப் பெயர் தெரிந்தால்தான் மருந்தைத் தேட முடியும்.

அந்தலூசியாவின் பேரறிஞர் இப்னு ஹஸ்ம் (இறப்பு ஹி. 456 / கி.பி. 1064), மனிதர் அனைவரும் ஒருமனதாக நாடும் இலக்கு ஒன்று உண்டா என்று ஆராய்ந்து, அது கவலையை விரட்டுவது ஒன்றே என்ற முடிவுக்கு வந்தார். பொருள் தேடுபவன் வறுமையின் கவலையை விரட்டுகிறான். புகழ் தேடுபவன் இழிவின் கவலையை விரட்டுகிறான். கல்வி தேடுபவன் அறியாமையின் கவலையை விரட்டுகிறான் என்பது அவர் வாதம். அல்லாஹ்வை நோக்கிய செயல் ஒன்றே இவ்விலக்கை உண்மையாக எட்டும் வழி என்பது அவர் கண்ட முடிவு. கவலை மனித இயல்பின் அடித்தளத்திலேயே இருக்கிறது என்பதை அவர் மறைக்கவில்லை என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

பதற்றம் ஈமானின் குறையா?

இக்கேள்விக்கு அல்குர்ஆன் காட்டும் நிகழ்ச்சிகளே விடை தருகின்றன. மூஸா (அலை) அவர்களின் கைத்தடி பாம்பாக நெளிந்தபோது அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடினார்கள். சூனியக்காரர்களின் முன்னிலையில் தம் உள்ளத்தில் அச்சத்தை உணர்ந்தார்கள். குழந்தையை ஆற்றில் விட்ட அன்னாரின் தாயாருடைய உள்ளம் வெறுமையாகிவிட்டது என்றும், அல்லாஹ் அவ்வுள்ளத்தை உறுதிப்படுத்தியிராவிட்டால் இரகசியத்தை வெளியிட்டிருப்பார் என்றும் அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப்போயின. இவர்களில் எவரையும் ஈமான் குறைந்தவர் என்று கூற எந்த முஸ்லிமுக்கும் நாவெழாது.

ஹிரா குகையில் முதல் வஹீ வந்தபின் நபி (ஸல்) அவர்கள் நடுங்கும் நெஞ்சுடன் இல்லம் திரும்பித் தம்மைப் போர்த்துமாறு கூறிய நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் செய்ததைப் படிப்படியாகக் கவனித்தல் வேண்டும். முதலில் கேட்டபடியே போர்த்தினார்கள், நடுக்கம் தணியும் வரை காத்திருந்தார்கள், நடந்ததைச் செவிமடுத்தார்கள். "பயப்படாதீர்கள்" என்ற வெறும் சொல்லோடு நிறுத்தவில்லை. உறவைப் பேணுவது, எளியோரின் சுமையைத் தாங்குவது, விருந்தினரை உபசரிப்பது என்று அன்னாரின் வாழ்விலிருந்தே சான்றுகளை எடுத்துரைத்து, இத்தகையவரை அல்லாஹ் கைவிடமாட்டான் என்று நிறுவினார்கள். அதன்பின் விஷயம் அறிந்தவரான வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். உடலுக்கு ஆறுதல், மனத்திற்குச் சான்று, பின்னர் துறை அறிந்தவரின் ஆலோசனை. பதற்றமுற்றவரைப் பேணும் முறைக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறெங்கே கிடைக்கும்?

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் அனுபவமும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஹிஜ்ரி 488 ரஜப் மாதத்தில் (கி.பி. 1095) பக்தாதின் நிழாமிய்யாவில் தலைமைப் பேராசிரியராக இருந்தபோது, பதவியைத் துறப்பதா தொடர்வதா என்ற போராட்டம் அவரை ஏறத்தாழ ஆறு மாதம் அலைக்கழித்தது. மாணவர் முன் பாடம் சொல்ல நா எழவில்லை. ஒரு கவளமும் தொண்டையில் இறங்கவில்லை. மருத்துவர்கள், இது உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவிய நோய், உள்ளத்தின் கவலை தீராமல் மருந்து பயன்படாது என்று கைவிரித்தனர். இவ்வளவையும் இமாம் அவர்களே தம் 'அல்முன்கிது மினள் ளலால்' நூலில் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அவர் கண்ட விடுதலை ஆன்மிகப் பயணம். அதனை இன்றைய நோய்ப்பெயர் ஒன்றில் அடைப்பது முறையன்று. ஆனால் தம் நா அடைபட்டதை எழுத அவர் வெட்கப்படவில்லை. நாம் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அல்பல்கீயின் நூல்

இத்துறையில் தனியிடம் பெறுபவர் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீ (இறப்பு ஹி. 322 / கி.பி. 934). இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்குப் பகுதியில் பிறந்து, இராக்கில் தத்துவஞானி அல்கிந்தியிடம் பயின்றவர். புவியியல் வரலாற்றில் ஒரு மரபே இவர் பெயரால் வழங்குகிறது. இவருடைய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலின் பொருள், 'உடல்களின் நலன்களும் உள்ளங்களின் நலன்களும்' என்பதாம். முதற்பகுதி உடல்நலம் பற்றியது. எட்டு அத்தியாயங்கள் கொண்ட இரண்டாம் பகுதி முழுவதும் உள்ளத்தின் நலம் பற்றியது; அவற்றில் கோபம், அச்சமும் பீதியும், துயரம், உள்ளத்தின் வஸ்வாஸ் ஆகிய நான்கிற்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு.

அவருடைய வாதங்களில் சிலவற்றை என் சொற்களில் சுருக்கித் தருகிறேன். மனிதன் உடலாலும் உள்ளத்தாலும் ஆனவன். ஒன்றின் நோய் மற்றொன்றைத் தாக்கும். மருத்துவர்கள் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடுகின்றனர். உடல்நோய் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் வராமலேயே போகலாம். ஆனால் கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றுக்கு ஆளாகாத மனிதரே இல்லை. ஆதலின் உள்ளத்தின் மருத்துவம் எல்லோருக்கும் உரியது. இதற்கு அவர் தரும் ஆலோசனை மிக நடைமுறையானது: வீட்டில் அவசரத்திற்கு மருந்து வைத்திருப்பதைப் போல, உள்ளம் அமைதியாக உள்ள வேளையிலேயே நல்லெண்ணங்களைச் சிந்தித்துச் சேமித்து வைக்க வேண்டும். புயல் வீசும்போது கப்பலுக்குப் பாய் தைக்க முடியாதல்லவா?

அச்சத்தைப் பற்றி அவர் தரும் உவமை ஒன்று மனத்தில் தங்கிவிடும். மூடுபனியைக் கண்டறியாத பாலைவாசி ஒருவன், குளிர் நாட்டில் முதன்முதலாக அதனைக் காணும்போது எதிரே ஏதோ ஊடுருவ முடியாத திண்மப் பொருள் நிற்பதாக எண்ணுவான்; உள்ளே நுழைந்துவிட்டாலோ, தான் எப்போதும் சுவாசிக்கும் காற்றே சற்று ஈரமாக இருப்பதை உணர்வான். நாம் அஞ்சுபவற்றில் பெரும்பாலானவை இத்தகையவை என்கிறார். அஞ்சும் பொருளைப் பற்றிய அறிவைப் பெருக்கிக்கொள்வதும், அஞ்சும் ஒலிக்கும் காட்சிக்கும் செவியையும் கண்ணையும் மீண்டும் மீண்டும் பழக்குவதும் அவர் கூறும் மருந்துகள்.

துயரத்தை, காரணம் தெரிந்தது, காரணம் தெரியாதது என்று அவர் இரண்டாகப் பிரிக்கிறார். முன்னதற்குச் சிந்தனையும் ஆறுதலும்; பின்னது உடலின் கோளாற்றால் எழுவது, எனவே அதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்பது அவர் துணிபு. மனநோய்க்கு மாத்திரை எதற்கு என்று இன்றும் கேட்பவர்கள், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இக்கருத்தை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இந்நூலை நாம் மறந்திருந்தோம் என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அது இஸ்தான்புல்லின் அயாசோஃபியா நூலகச் சுவடியாகக் கிடந்தது. பேராசிரியர் ஃபுஆத் ஸெஸ்கின் 1984இல் அதனை ஒளிநகலாக வெளியிட்டார். ஸூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரீ (1932–2021) உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார். அதன்பின்னரே உளவியல் இதழ்களில் அது ஆராயப்பட்டது. ஆகவே, எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று மார்தட்டுவதற்கு இது இடமன்று. இருந்ததைப் படிக்காமல் விட்டது யார் என்ற கேள்வியே முதலில் எழ வேண்டும்.

வஸ்வாஸும் ஒரு ஃபத்வாவும்

மருத்துவ நூலை நாம் படிக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் ஃபிக்ஹு நூல்களை அன்றாடம் ஓதுகிறோம். அங்கும் இந்நோய் பற்றிய கூர்மையான அறிவு உள்ளது.

உளூவிலும் தொழுகையிலும் எழும் வஸ்வாஸைக் கண்டித்து நம் இமாம்கள் தனி நூல்களே எழுதினர். இமாமுல் ஹரமைன் அவர்களின் தந்தையாரான அபூ முஹம்மத் அல்ஜுவைனீ (இறப்பு ஹி. 438), 'அத்தப்ஸிரா' என்னும் நூலையும், ஹன்பலீ இமாம் இப்னு குதாமா (இறப்பு ஹி. 620), 'தம்முல் முவஸ்விஸீன்' என்னும் நூலையும் இதற்கெனவே இயற்றினர். அவர்கள் எடுத்துக்காட்டும் அடிப்படை எளியது. நபி (ஸல்) அவர்கள் இரு கை கொள்ளும் அளவான ஒரு முத்து நீரில் உளூச் செய்தார்கள். மூன்று முறைக்கு மேல் கழுவுவது நம் மத்ஹபில் மக்ரூஹ். வயிற்றில் ஏதோ அசைவதாக ஐயுறுபவர், ஒலியோ மணமோ உறுதிப்படாதவரை தொழுகையை விட்டு வெளியேற வேண்டியதில்லை. இவற்றிலிருந்தே, உறுதியானது ஐயத்தால் நீங்காது என்னும் பெருவிதி வகுக்கப்பட்டது. அமல் முடிந்தபின் எழும் ஐயம் அதனைப் பாதிக்காது என்பதும் நாம் ஓதும் பாடமே.

இப்பெருவிதியை என் மாணவரும் மனப்பாடமாக அறிந்திருந்தார். அப்படியானால் அது ஏன் அவருக்குப் பயன்படவில்லை? விடை இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ (இறப்பு ஹி. 974) அவர்களின் 'அல்ஃபதாவா அல்ஃபிக்ஹிய்யா அல்குப்ரா'வில் உள்ளது. நம் ஷாஃபிஈக் கரையோரத்திற்கு இவர் அந்நியர் அல்லர். நாம் ஓதும் 'ஃபத்ஹுல் முஈன்' நூலின் ஆசிரியர் பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்), இவரைத் தம் ஆசிரியராகவே குறிப்பிடுவார். வஸ்வாஸுக்கு மருந்து உண்டா என்று இவரிடம் வினவப்பட்டது. உண்டு என்றார். அம்மருந்து, உள்ளத்தில் எந்தத் தயக்கம் இருந்தாலும் அதனைப் பொருட்படுத்தாமல் முற்றாகப் புறக்கணித்துவிடுவதே. அவ்வாறு செய்தவர்க்குச் சிறிது காலத்தில் அது நீங்கிவிடும். அதற்குச் செவிசாய்த்து அதன் விருப்பப்படி நடப்பவர்க்கோ அது வளர்ந்துகொண்டே போய், சித்தம் கலங்கியோர் நிலைக்கும் அதனினும் கீழான நிலைக்கும் தள்ளிவிடும் என்று எச்சரித்தார்.

இமாம் அவர்கள், ஐயத்திற்குச் சரியான விடை சொல் என்று கூறவில்லை. விடையே சொல்லாதே என்றார்கள். விடை சொல்லச் சொல்ல, ஐயம் அதனை மதிப்பாக எடுத்துக்கொள்ளும். என் மாணவர் பெருவிதியைக்கூட ஐயத்திற்கான விடையாகவே பயன்படுத்தினார், "இது உறுதியா, இல்லையா?" என்று ஐயம் மறுகேள்வி கேட்டது. நானும் ஒவ்வொரு நாளும் பத்து முறை அந்த ஐயத்திற்கு விடை சொல்லிக்கொண்டிருந்தேன்.

நோய் வளரும் விதம்

இந்நூற்றாண்டின் உளவியல் இதனை மேலும் விளக்குகிறது. ஆபத்தைக் கண்டால் உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சு மேலெழும், உள்ளங்கை வியர்க்கும். பாம்பைக் கண்டவனுக்கு இது அருட்கொடை. பதற்ற நோயில் பாம்பு இல்லாத இடத்திலும் இதே எச்சரிக்கை மணி ஒலிக்கிறது. மணி உண்மையில் ஒலிப்பதால், பாம்பும் உண்டென்று மனிதன் நம்பிவிடுகிறான்.

உடனே அவன் தப்பிக்க ஏதோ ஒன்றைச் செய்கிறான். மீண்டும் கழுவுகிறான், கூட்டத்தை விட்டு வெளியேறுகிறான், யாரிடமாவது உறுதி கேட்கிறான். அக்கணம் நெஞ்சு ஆறுகிறது. அந்த ஆறுதலே வலையாகிறது. "கழுவியதால்தான் தப்பினேன்" என்ற பொய்யான பாடத்தை உள்ளம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை மணி இன்னும் உரக்க ஒலிக்கும். செய்யாமல் பொறுத்திருந்தால் என்னவாகும்? அச்சம் உச்சத்தை எட்டி, தானே இறங்கிவிடும். திடீர்ப் பீதியின் உச்சம் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே எட்டப்பட்டுத் தணியத் தொடங்கும். இதனை ஒருமுறை கண்டவன், மூடுபனிக்குள் நுழைந்த பாலைவாசியைப் போன்றவன்.

ஜோசப் வோல்பே 1958இல் வெளியிட்ட நூல், அச்சத்தைப் படிப்படியாக அணுகிப் பழகும் முறையை வகுத்தது. 1966இல் இலண்டனில் விக்டர் மேயர், கழுவும் நோய் கொண்டவர்களை, அஞ்சும் பொருளைத் தொடச் செய்து, பின்னர் கழுவாமல் இருக்கப் பழக்கிக் குணம் கண்டார். ஆரோன் பெக், அச்சமூட்டும் எண்ணத்தைச் சான்று கொண்டு சோதிக்கும் முறையை அதே காலத்தில் வளர்த்தார். இவர்கள் பல்கீயையோ இப்னு ஹஜரையோ படித்தவர்கள் அல்லர். வெவ்வேறு வழியே வந்தவர்கள் ஒரே கிணற்றை அடைந்திருக்கின்றனர். அவ்வழிகளைச் சோதித்து, யாருக்கு எவ்வளவு பயன் என்று கணக்கிட்டுக் காட்டியது இன்றைய அறிவியலின் பணி. அப்பணிக்கு நாம் நன்றி பாராட்ட வேண்டும்.

அன்றாட வாழ்வில்

மேற்கூறியவற்றிலிருந்து பதற்றத்தோடு வாழ்பவர் சில நடைமுறைகளைப் பெறலாம்.

முதலாவது, முன்னெச்சரிக்கையையும் கவலையையும் பிரித்தறிதல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்தியது நாமறிந்ததே. கட்டுவது முன்னெச்சரிக்கை. கட்டியபின் முடிச்சை நூறுமுறை தொட்டுப் பார்ப்பது கவலை. முன்னது சுன்னத், பின்னதற்குச் செவிசாய்க்க வேண்டியதில்லை. வெளியூரிலுள்ள மகனுக்கு ஒருமுறை தொலைபேசி செய்வது பாசம். எடுக்கவில்லை என்று இருபது முறை செய்வது மகனையும் வாட்டும், தன்னையும் வாட்டும்.

இரண்டாவது, விலகி ஓடாமல் சிறுகச் சிறுக அணுகுதல். ஜும்ஆக் கூட்டத்தில் நெஞ்சு படபடக்கிறது என்று பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டவர்களை நான் அறிவேன். அவர்கள் முதல் வாரம் செருப்பு வைக்கும் இடத்தின் அருகே கடைசி வரிசையில் நிற்கலாம். படபடப்பு வந்தாலும் ஸலாம் கொடுக்கும் வரை நிற்கலாம். சில வாரங்களில் ஒரு தூண் முன்னே. மேலும் சில வாரங்களில் இன்னொரு தூண். படபடப்பு வராமலிருப்பது இலக்கன்று. வந்தாலும் நிற்க முடியும் என்று அறிவதே இலக்கு.

மூன்றாவது, உடலைப் பேணல். இரவுத் தூக்கம் கெட்டால் மறுநாள் அச்சம் இரட்டிப்பாகும். தேநீரும் காப்பியும் படபடப்பைத் தூண்டும். அவசரமின்றி மூச்சை இழுத்து, அதைவிட மெல்ல வெளிவிடுதல் இதயத் துடிப்பைத் தணிக்கும். தினமும் நடைப்பயிற்சி நன்று.

நான்காவது, திக்ரைப் பற்றியது. அல்லாஹ்வின் நினைவால் உள்ளங்கள் அமைதியுறும் என்பது நம் ஈமான். ஆயினும் ஒரு நுட்பத்தை ஆலிம்கள் கவனித்தல் வேண்டும். வஸ்வாஸ் உள்ளவரிடம், "இதை இத்தனை முறை ஓதும்" என்று சொன்னால், எண்ணிக்கை தவறியதா, உச்சரிப்பு பிழைத்ததா என்று திக்ரே மற்றோர் உளூவாகிவிடும். தவறினால் தீங்கு வரும் என்ற அச்சத்தில் ஓதுவது, அல்லாஹ்வை நினைப்பதாகாது, அச்சத்தை நினைப்பதாகும். அத்தகையவருக்கு எண்ணிக்கையற்ற, சுருக்கமான திக்ரே ஏற்றது. பிழைத்தாலும் திரும்ப ஓதாதிருத்தலே அவருக்கு மருந்து.

ஐந்தாவது, துணை. வஸ்வாஸ் உள்ளவர் தனிமையையும் சும்மா இருத்தலையும் தவிர்க்க வேண்டும் என்பது பல்கீயின் அறிவுரை. உடனிருப்போர் ஏளனம் செய்யலாகாது; அதே வேளையில் அதே கேள்விக்கு அதே உறுதிமொழியை ஓயாமல் வழங்கவும் கூடாது. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் சான்றுகளோடு ஒருமுறை ஆறுதல் கூறி, அடுத்த கட்டத்திற்கு அழைத்துச் சென்றார்கள்.

மருத்துவரிடம் செல்லல்

கவலை பல மாதங்கள் நீடித்து, தூக்கத்தையும் தொழிலையும் தொழுகையையும் குலைக்குமாயின் மருத்துவரை நாட வேண்டும். மருந்து செய்யுமாறு பணித்த நபி (ஸல்) அவர்கள் உடலுக்கு மட்டும் என்று வரையறுக்கவில்லை. துயருற்றவரின் நெஞ்சுக்கு இதமளிப்பதாக வாற்கோதுமைக் கஞ்சியையே அவர்கள் பரிந்துரைத்ததாக ஸஹீஹான ஹதீஸில் வருகிறது. இன்று பதற்றத்திற்குத் தரப்படும் முதன்மையான மருந்துகள் பயனளிக்கச் சில வாரங்களாகும்; அவை போதைப் பழக்கத்தை உண்டாக்குவன அல்ல. உடனடி அமைதிக்காகத் தரப்படும் சில மாத்திரைகளே நீண்ட நாள் உட்கொண்டால் பழக்கமாகும் அபாயம் உடையவை. எதையும் தாமாகத் தொடங்குவதும் தாமாக நிறுத்துவதும் தவறு. ரமளானில் மருந்து வேளையை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்ற இயலுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

நம் சமூகத்திற்கு இவ்விஷயத்தில் ஆறாத வடு ஒன்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், மனநலம் குன்றியோரைத் தங்கவைத்திருந்த கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது; சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். அவர்களை அங்கே கொண்டுவந்தோர் அன்பில்லாதவர்கள் அல்லர். வேறு வழி அறியாதவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. துஆவும் மருந்தும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பதை மிம்பர்களிலிருந்து நாம் உரக்கச் சொல்லியிருந்தால், எத்தனையோ குடும்பங்கள் முன்னரே மருத்துவரிடம் சென்றிருக்கும். 2022 முதல் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் மனநல ஆலோசனையைத் தமிழிலும் பெறலாம். இதனை மஹல்லாவின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பதும் ஒரு ஸதகாவே.

நிறைவாக

என் மாணவரை அவருடைய வாப்பா, தாயத்துகள் பல கட்டிப் பார்த்தபின், மனநல மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றார். அம்மருத்துவர் முஸ்லிமல்லர். அவர் என்னை வரவழைத்து, "உளூ கூடுமா என்று இனி இவர் கேட்டால், நீங்கள் பதில் சொல்லாமலிருக்க முடியுமா?" என்று கேட்டார். மார்க்கம் கேட்டு வருபவருக்கு விடை மறுப்பதா என்று நான் தடுமாறினேன். அன்றிரவு அலமாரியிலிருந்த ஃபதாவாவை எடுத்துப் புரட்டினேன். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மக்காவில் வாழ்ந்த என் மத்ஹபின் இமாமும், அந்த மருத்துவரும் ஒன்றையே கூறியிருந்தனர்.

மறுநாள் மாணவர் வந்து கேட்டபோது, "இக்கேள்விக்கு இனி என்னிடம் விடையில்லை தம்பி, வாரும், இருவரும் தொழுவோம்" என்றேன். அவர் அழுதார். மூன்று முறை கழுவியதோடு எழுந்து, நடுங்கியபடியே என் அருகில் நின்று தொழுதார். பல மாதச் சிகிச்சைக்குப் பின் படிப்படியாகத் தேறி, ஸனதும் பெற்றார்.

சென்ற ஆண்டு தம் சிறு மகனுடன் கல்லூரிக்கு வந்திருந்தார். அஸருக்கு ஹவுளில் என் பக்கத்தில் அமர்ந்து உளூச் செய்தார். நான் முடிக்கும் முன்பே அவர் எழுந்துவிட்டார். "இப்போது வருவதில்லையா?" என்று மெல்லக் கேட்டேன்.

"வருகிறது ஹழ்ரத்" என்றார். "நான்தான் பதில் சொல்வதில்லை."

பதற்றம் முற்றாக ஒழிந்த உள்ளம் இவ்வுலகில் எவருக்கும் வாக்களிக்கப்படவில்லை. அதனோடு வாழ்ந்துகொண்டே தொழவும் உழைக்கவும் சிரிக்கவும் இயலும் என்பதை என் மாணவரே எனக்குக் கற்பித்தார். கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் அல்லாஹ் நம் அனைவருக்கும் பாதுகாவல் தருவானாக. அவற்றால் வாடுவோரைக் கடிந்துகொள்ளாமல் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் அறிவையும் நமக்குத் தருவானாக.